ஞாயிற்றுக்கிழமை பிடிக்காத லேப்டாப்

1

என் லேப்டாப்புக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திங்கள் முதல் சனி வரை ஒழுங்காக வேலை செய்யும். ஒழுங்காக என்றால், விசிறி ஷேர் ஆட்டோ மாதிரி இரைந்துகொண்டு, மூடி கழன்று விழாமல் இருக்க நான் மாட்டிய துணிக்கிளிப்போடு, நினைத்த நேரத்தில் 'புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்று அரை மணி நேரம் புள்ளிகளைச் சுற்றவிட்டுக்கொண்டு. எதற்குக் காத்திருக்கிறேன் என்றாவது சொல்லித் தொலைக்கலாம். சரி, அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் திறந்து பாஸ்வேர்டு போட்டால் தவறு என்னும். மறுபடி போட்டாலும் தவறு. ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிப் போட்டாலும் தவறு. கோபத்தில் முழுசாக அணைத்துப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திறந்தால், அதே பாஸ்வேர்டுக்கு நல்ல பிள்ளையாக வழி விடும்.

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்பார் என் கணவர் ரவி. அவருக்குச் சுலபம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய வாரம், என் அண்ணன் செல்வம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் வாங்கி என் கையில் கொடுத்தது இது. மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு முடித்து, சட்டையில் எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து நீட்டினார். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?

நான் எழிலரசி. சிட்லபாக்கத்துப் பெண். இப்போது இருப்பது ஜெர்மனியின் தெற்கில், உல்ம் என்ற ஊரில். ரவிக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் நிலா வந்தபோது மூன்று வயது; இப்போது பன்னிரண்டு. ஊரில் நான் வேதியியல் டீச்சர். புழுதிவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளை உப்பு ஆய்வு செய்ய வைத்தவள். இங்கே ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் மேல் தக்காளி சாஸ் ஊற்றுகிறேன். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில்தான் வேதியியல் கூடம். சில நாள் படிக்கட்டு வழியாக அமோனியா வாசனை இறங்கி வரும். என்னோடு பரிமாறும் மற்ற அம்மாக்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி இழுத்து மூச்சு விடுவேன்.

மேலே ஏற வேண்டுமானால் என் பட்டத்தை ஏற்றுக்கொண்டதாக இந்த அரசாங்கம் ஒரு தாள் தர வேண்டும். மொழித் தேர்வுகள் எழுதியாயிற்று. துணைப் பாடங்கள் படித்தாயிற்று. இளவேனிலில் கடைசி விண்ணப்பத்தை இந்த லேப்டாப்பிலிருந்தே அனுப்பினேன். "கோடை விடுமுறைக்கு அப்புறம் வேதியியலுக்கு ஓர் இடம் காலி. அந்தத் தாள் அதற்குள் வந்தால் அது உங்களுக்குத்தான்" என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். கரண்டியைக் கீழே வைக்கும் நாளை மனத்துக்குள் பத்து விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன்.

2

தாள் வரவில்லை. கடிதம் வந்தது.

இந்த ஊர்க் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திட்டும்போதுகூட 'நட்பார்ந்த வணக்கங்களுடன்' என்றுதான் முடிப்பார்கள். அதனால் நான் கடைசி வரியை முதலில் படிப்பதில்லை. நடுவில் உள்ளதைத் தேடிப் படிப்பேன். நடுவில் இருந்தது இதுதான். என் பட்டச் சான்றிதழில் பெயர் எழிலரசி: ழகரத்துக்கு இசட், எச். பாஸ்போர்ட்டில் எலிலரசி: ழகரத்துக்கு எல். விண்ணப்பத்தில் 'பட்டம் பெற்றவர் பெயர்' என்ற கட்டத்தில் ஒய், எச். அதாவது எயிலரசி. மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்பதற்குச் சான்றுறுதி பெற்ற ஆதாரம் நான்கு வாரத்துக்குள் வர வேண்டும். நெருங்கிய உறவினர் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும்.

முதல் இரண்டும் எனக்குத் தெரிந்த வியாதி. நம் ஊரில் யாருக்கு இல்லை அது? மூன்றாவதைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. அப்படி எழுத நான் என்ன பைத்தியமா? எந்தப் பெயரை என் நாக்கிலிருந்து சுரண்டி எடுக்க நான் படாத பாடு பட்டேனோ, அதையே அரசாங்க விண்ணப்பத்தில் எழுதுவேனா?

ஆபீஸ்காரர்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று முதலில் கத்தினேன். ரவி நான் அனுப்பியதன் நகலைத் திறந்து காட்டினார். அதில் எயிலரசி உட்கார்ந்திருந்தாள். கோபம் அப்படியே நின்று, அதற்குப் பதிலாகப் பழைய குறுகுறுப்பு வந்தது. இது எப்படி நடந்தது?

3

பெயரின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் கலாசி; கடைநிலைத் தொழிலாளி. மேடைப் பேச்சென்றால் அவருக்கு உயிர். பெண் பிறந்தால் சுத்தத் தமிழில்தான் பெயர் என்று பிடிவாதமாக இருந்து எழிலரசி என்று வைத்தார். வைத்த நாளிலிருந்து சாகும்வரை அவரால் அந்தப் பெயரைச் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ழ கிடையாது. வாயப்பயம், கோயி, மய. நான் எயிலு.

ஆறாம் வகுப்பில் தமிழ் டீச்சர் எழுப்பி நிறுத்திப் பெயர் கேட்டார். "எயிலரசி டீச்சர்" என்றேன். "உன் பேரே உனக்குச் சொல்ல வரலையாடி?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு வைராக்கியம் புகுந்தது. மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கை மடித்து மடித்து, தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ழ, ழ, ழ என்று சொல்லிக்கொண்டே போவேன். ஒரு நாள் எதிரே இருந்த பெரியவர் "பல்லு வலியாம்மா?" என்று கேட்டார். பிளஸ் டூ முடிவதற்குள் ழ வந்துவிட்டது. வந்ததும் நான் வீட்டுக்கே வாத்தியாராகிவிட்டேன். எயிலு இல்லை, எழில். வாயப்பயம் இல்லை, வாழைப்பழம். அம்மா "போடி, உன் பயத்த நீயே துன்னு" என்பாள்.

அண்ணனைத்தான் திருத்த முடியவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய ரெக்கார்டு நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அண்ணன் ஷிப்டுக்குப் போகிற வழியில் அதைக் கொண்டுவந்து, கல்லூரி வாசலில் நின்று, "ஏ எயிலூ!" என்று குரல் கொடுத்தார். நான் ஐந்தாறு தோழிகளோடு போய்க்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "உன்னையாப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லையே" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், வாட்ச்மேனிடம் நோட்டு இருந்தது, அண்ணன் இல்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இத்தனை வருஷமாகப் பேசவில்லை.

பள்ளிக்கூட குமாஸ்தா இசட், எச் போட்டார். சான்றிதழெல்லாம் அப்படியே போயிற்று. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழில் எல் இருந்தது; அதுவே பாஸ்போர்ட்டிலும் ஏறியது. எலிலரசி. அண்ணன் ஒரு மாதம் என்னை எலிகளுக்கெல்லாம் ராணி என்று கூப்பிட்டார். இங்கே வந்தால் இசட் என்பதை இவர்கள் 'ட்ஸ்' என்று படிக்கிறார்கள். சான்றிதழைப் பார்த்தவர்கள் எட்ஸிலரசி என்றார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் நான் எல்லி. நிலா பள்ளியில் நிரப்பும் தாள்களில் அம்மா பெயர் என்ற இடத்தில் எல்லி என்றே எழுதுகிறாள். முழுப் பெயரைச் சொல்லச் சொன்னால், "அது ரொம்ப நீளம்மா" என்று தோளைக் குலுக்குகிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

4

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். வெள்ளைப் பொடியைப் பார்த்தவுடனே பெயர் சொல்லாதே. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போடு. அந்தக் கடிதம் வந்த மறுநாள், நிலாவின் பழைய கணக்கு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, விண்ணப்பம் போனது இதிலிருந்துதானே என்று லேப்டாப்பை உப்பு மாதிரி ஆய்வு செய்ய ஆரம்பித்தேன்.

சோதனை: ஞாயிறு சாயங்காலம் பாஸ்வேர்டு இட்டேன். காண்பன: ஏற்கவில்லை. அறிவன: ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஆகாது.

சோதனை: புதன்கிழமை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அண்ணனுக்குத் தமிழில் ஒரு கடிதம் அடித்துவிட்டு மூடினேன், திரும்பத் திறந்தேன். காண்பன: புதன்கிழமையும் ஏற்கவில்லை. அறிவன: இதற்கு ஆகாதது ஞாயிறு அல்ல. தமிழ்!

இந்த மூன்றாவது கட்டத்தை எழுதிவிட்டு நானே அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம்தான் நான் ஊருக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். போனில் பேசினாலும், அண்ணன் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒரு கடிதம் வேண்டும் அவர்களுக்கு. விண்ணப்பத்தை நிரப்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிதத்தை முடித்த கையோடு. தமிழ் எழுதினால் கோபித்துக்கொள்ளும் இயந்திரம் உண்டா? தாம்பரத்தில் வாங்கிய லேப்டாப்புக்கு இவ்வளவு திமிரா?

மறுபடி ஒரு கடிதம் அடித்து மூடி, திறந்து, பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தபோது நிலா பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நீ தப்பா டிப்பன் பண்ற."

"காலைல உப்புமாவ நல்லாதானே தின்ன?" என்று சீறினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தட்டச்சு செய்வதற்கு ஜெர்மனில் டிப்பன் என்று பெயர். என் மகளின் தமிழில் பாதி வினைச்சொற்கள் இப்படித்தான் வரும். ஜெர்மன் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'பண்ற' ஒட்டினால் அது தமிழ்.

"அந்தக் கண்ணை அமுக்கி பாரேன்" என்றாள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கிறது. அமுக்கினால் புள்ளிகள் விலகி எழுத்துத் தெரியும். என் பாஸ்வேர்டை நானே எட்டிப் பார்க்க என்ன அவசியம் என்று ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. நிலா அமுக்கினாள். இப்போது மாற்றிவிட்டதால் சொல்லலாம். என் பாஸ்வேர்டு நான் வேலை பார்த்த ஊர், இங்கிலீஷ் எழுத்தில் புழுதிவாக்கம். திரையில் இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் இருந்தது: புயுதிவாக்கம்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பஸ் கண்டக்டர் அப்படித்தான் கத்துவார். புய்திவாக்கம், எறங்கு எறங்கு. என் லேப்டாப் எங்கள் தெருத் தமிழ் பேசுகிறது!

காரணம் கேட்டால் இவ்வளவுதான். ஜெர்மன் விசைப்பலகையில் இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும். என் லேப்டாப்பில் முதலில் இருந்தவை இரண்டு: தமிழ், இங்கிலீஷ். ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் ஒன்றாக அமுக்கினால் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும். கடிதம் முடிந்ததும் என் விரல் தானாக ஒரு தடவை அமுக்கிவிடும். பல வருஷப் பழக்கம். போன குளிர்காலத்தில் நிலா ஒரு கட்டுரை எழுத இதை எடுத்தவள், என்னிடம் சொல்லாமல் மூன்றாவதாக ஜெர்மனைச் சேர்த்திருக்கிறாள். அது போய் மற்ற இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. நான் ஒரு தடவை அமுக்கி இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஜெர்மன். விசையின் மேல் அச்சிட்டிருப்பது தாம்பரத்து இசட். உள்ளே விழுவது உல்ம் ஒய். முழுசாக அணைத்துத் திறந்தால் பழையபடி இங்கிலீஷ் வந்துவிடும். அன்றைய விண்ணப்பத்தில் நான் கையால் அடித்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாம்பரத்தில் இசட்டும் இல்லை, ஒய்யும் இல்லை. சிட்லபாக்கத்திலும் இல்லை. வேதியியலுக்கு இவர்கள் சொல்லும் கெமியிலும் இல்லை. வேலை பார்த்த ஊரை அதில் கேட்கவே இல்லை. மொத்த விண்ணப்பத்திலும் மாட்டியது என் பெயர் ஒன்றுதான்.

லேப்டாப் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏழெட்டு மாதமாக அந்தப் பாவப்பட்ட ஜென்மத்தை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்!

"ஜெர்மனை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் நிலா. முகம் சின்னதாகிவிட்டது. தன்னால்தான் அம்மாவுக்கு வரவிருந்த வேலை போகப் போகிறது என்று புரிந்துவிட்டது அவளுக்கு.

"இருக்கட்டும். எத்தனை தடவை அமுக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

5

அண்ணனைப் போனில் பிடித்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாம்மா இது, பெரிய பேஜாரா கீது. செரி வுடு, நாளைக்கு எனுக்கு நைட் ஷிப்டுதான். காலைல கோர்ட்டாண்ட போயி எய்தி வாங்கினு வந்துடறேன்."

மறுநாள் அங்கே பதினொரு மணி இருக்கும்போது, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அழைத்தார். தாம்பரம் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தார். போனை டைப் அடிக்கும் அம்மாளின் மேஜையில் வைத்துவிட்டார். பின்னால் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது. அதைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருந்தது.

"மேடம், மொத ரெண்டும் ஸ்பெல்லிங் வித்தியாசம், தினம் பத்து பேருக்கு அடிக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். "இந்த மூணாவதுதான் இடிக்குது. மெஷின்ல தப்பா விழுந்துச்சுன்னா, தப்புன்னுதான் எழுதணும். 'என்கிற'ன்னு போடணும்னா அந்தப் பேர்ல யாராச்சும் கூப்பிட்டிருக்கணும். இது சத்தியப் பிரமாணம் மேடம், இல்லாத பேர நான் அடிக்க மாட்டேன்."

தப்பு என்று எழுதினால் விண்ணப்பமே தப்பு. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். விடுமுறை முடிந்து, அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆனால் பொய் சொல்லி டீச்சராக எனக்கு மனசில்லை. "தப்புன்னே எழுதிடுங்க மேடம். அப்படி ஒரு பேரே இல்ல" என்றேன்.

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இல்லியா?" என்றார் அண்ணன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேடம், நீங்க அடிங்க" என்று அண்ணன் அந்த அம்மாளிடம் சொல்வது கேட்டது. "இவளுக்கு பால் குடுத்த எங்கம்மா எயிலுன்னுதான் கூப்புடுது. பேர் வெச்ச எங்கப்பன் சாவற வரிக்கும் எயிலுன்னுதான் கூப்ட்டாரு. நானும் அப்டிதான். காலேஜ் கேட்டாண்ட நின்னு ஊரே கேக்கறாப்புல கூப்ட்டவன் நானு. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார் போலிருக்கிறது, சத்தம் கூடியது.

"அன்னிக்கி உனுக்குக் காது கேட்டுச்சுன்னு எனுக்குத் தெரியும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அண்ணா" என்றேன். இத்தனை வருஷமாக மன்னிப்புக் கேட்கச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை. "தப்புண்ணா. ரொம்பத் தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"அட, சின்ன வயசு. எனுக்கே சட்டையெல்லாம் கிரீஸு. வுடு வுடு."

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல்: "சார், ஒய்க்கு அப்புறம் ஒரு எச் கீதே, அது எதுக்கு?"

"அது மூச்சு வுடறதுக்கு மேடம். கீற மாரியே அடிங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் அன்றைக்கு நான் யாருக்கு எவ்வளவு சாஸ் ஊற்றினேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா குன்றத்தூர் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டதாக அண்ணன் சாயங்காலம் செய்தி அனுப்பினார். எந்தப் பெயரில் வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

6

நான்கு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. முத்திரையும் கையெழுத்துமாக ஒரு பத்திரம், எழிலரசி என்கிற எலிலரசி என்கிற எயிலரசி, மூவரும் ஒருவரே. அதை இங்குள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி, நானே நேரில் கொண்டுபோனேன்.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் பெயர் ப்ரென்னர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு வரி விடாமல் படித்தார். கடைசியில் மூன்றாவது பெயரில் விரலை வைத்து, "இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக என் வாயால் நான் சொல்லாத பெயர். "வீட்டில் கூப்பிடுவது. எயில்" என்றேன்.

"ஐலே?" என்றார். ஜெர்மனில் ஐலே என்றால் அவசரம். தன் எதிரே இருந்த என் கோப்பின் தடிமனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "இந்தக் கோப்புக்குப் பொருத்தமில்லாத பெயர்."

நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் நிதானமாக விளக்கினார். ஆதாரம் போதும். ஏற்றுக்கொள்கிறார். ஆனால் தாளில் மேலே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும், பட்டம் பெற்றவர் என்ற வரியில் விண்ணப்பத்தில் நான் தந்த பெயரும்தான் அச்சாகும். அந்த வரியைச் சான்றிதழில் உள்ளபடி இசட்டோடு மாற்ற வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து. "அவசரப்பட வேண்டாம். வெளியே நாற்காலி இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கரண்டியா, சோதனைக் குழாயா? ஆனால் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறவள் நான். அதில் ழ இருக்காது. ஆறாம் வகுப்பில் சிரித்தார்களே, அந்தப் பெயர் இருக்கும். அரசாங்க முத்திரையோடு இருக்கும். பல்லு வலியா என்று கேட்கிற அளவுக்கு ரயிலில் நான் மடித்த நாக்குக்கு என்ன மதிப்பு? நாளைக்கு ஏதோ ஒரு தமிழ்க்காரர் அதைப் படித்துவிட்டு உள்ளுக்குள் சிரிக்க மாட்டாரா? இப்படியெல்லாம் அரை மணி நேரம் ஓடியது. பிறகு தாம்பரத்தில் அந்த டைப்பிங் கடையில், இரவு வேலைக்குப் போக வேண்டிய மனுஷன், தூக்கத்தை விட்டுவிட்டு, எங்க வேணா சத்தியம் பண்றேன் என்று நின்றது ஞாபகம் வந்தது. அவர் சத்தியம் செய்து வாங்கிக் கொடுத்த பெயரை மறுபடியும் எனக்கில்லை என்று சொல்லப் போகிறேனா?

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். "அப்படியே அச்சிடுங்கள்" என்றேன்.

7

தாள் மூன்றாம் வாரம் வந்தது. விடுமுறை முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. நிலா அதைக் கையில் வாங்கி, என் பெயர்கள் இரண்டையும் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதுல உன் நெஜப் பேரு எது?" என்றாள். இரு, பாட்டியைக் கேட்போம் என்று ஊருக்கு வீடியோ போட்டேன்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அம்மாதான் எடுத்தாள், வழக்கம்போல அவள் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

"இன்னாடி, வந்துச்சா?"

"வந்துடுச்சும்மா."

"டீச்சராயிட்டியா?"

"ஆயிட்டேம்மா."

"முருகா! அதுல இன்னா எய்திக்கீதுன்னு படி, கேக்கறேன்."

தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். எலிலரசி என்பவர் இந்த மாநிலத்தில் வேதியியல் ஆசிரியராக வேலை செய்யலாம். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். "பட்டம் பெற்றவர் பேரு, எயிலரசி."

திரையில் அம்மாவின் நெற்றி சுருங்கியது. அவளுக்குக் குறையாகப் பட்டுவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. "பேரை மட்டும் தப்பாப் போட்டுட்டாங்கம்மா" என்றேன்.

போன் நகர்ந்து, முதல் தடவையாக அவள் முழு முகமும் திரையில் வந்தது.

"இதுல இன்னாடி தப்பு? படிச்சி வாங்குனது எயிலுதான?"